மூன்று தட்டு உள்ளரங்கப் பயிர்ச் சட்டகம்: திருகோணமலை வெயிலில் இதற்கு என்ன வேலை?

வீட்டு அறைக்குள், மண்ணில்லாமல், வெயிலில்லாமல் சலாது இலை வளர்க்கலாம் என்று விற்கப்படும் மூன்று தட்டுச் சட்டகத்தைப் பற்றிய மதிப்பீடு இது. உயரம் 1.9 மீற்றர், நீளம் 1.2 மீற்றர், அகலம் 60 சென்ரிமீற்றர். தட்டுக்கு நான்கு வெள்ளைப் பிளாஸ்டிக் வாய்க்கால், வாய்க்காலுக்கு 7 குழி, ஆக மொத்தம் 84 செடி. தட்டுக்கு நான்காக 18 வாட் எல்.ஈ.டி. குழல்கள் 12. அடியில் 60 லீற்றர் தொட்டி, அதற்குள் 25 வாட் பம்ப், இரண்டு சிறு காற்றாடி, ஒரு டைமர், வலைக் கிண்ணங்கள், பஞ்சுத் துண்டுகள், ஏ, பி என்று இரண்டு உரப் பொதிகள். இதே அமைப்பு பல பெயர்களில் வருகிறது. எந்தப் பெயரில் வாங்கினாலும், பெட்டியில் அச்சிட்ட எண்களைக் கீழே வரும் கணக்கில் போட்டுப் பார்க்கலாம்.

பெட்டி மூன்று வாக்குத் தருகிறது: 30 நாளில் அறுவடை, 90 வீதம் தண்ணீர் மிச்சம், ஆண்டு முழுவதும் விளைச்சல். இரண்டாவது வாக்கு ஓரளவு நிற்கும். முதலாவது நிற்காது. மூன்றாவது, நம் ஊரில் மாசி தொடங்கி புரட்டாதி வரை ஏ.சி. போடுகிறவருக்கு மட்டும்தான்.

முதலில் வெளிச்சம், ஏனென்றால் இந்தச் சாமானின் உயிரே அதில்தான் இருக்கிறது. இலை உண்ணும் வெளிச்சத்தை வாட்டில் அளப்பதில்லை. ஒரு சதுர மீற்றரில் ஒரு வினாடிக்கு விழும் ஒளித்துகளை மைக்ரோமோல் கணக்கில் அளப்பார்கள். பத்து இலட்சம் மைக்ரோமோல் ஒரு மோல். சலாது நன்றாகச் சுருண்டு எடை பிடிக்க நாளொன்றுக்குச் சதுர மீற்றருக்கு 12 முதல் 17 மோல் வேண்டும். இந்தச் சட்டகத்தின் தட்டொன்றில் 72 வாட். இந்த ரகக் குழல் வாட்டுக்கு 1.8 மைக்ரோமோல் அளவில்தான் தரும். ஆக 130. அதை 0.72 சதுர மீற்றரில் பரப்பினால் 180. அதில் மூன்றிலொரு பங்குக்குச் சற்றுக் குறைவாகச் சுவரிலும் தரையிலும் வீணாகப் போகும். இலைக்குக் கிடைப்பது ஏறக்குறைய 126. அதை 16 மணி நேரம் எரித்தால் நாளுக்கு 7.3 மோல். தேவையில் பாதியைச் சற்றே தாண்டுகிறது, அவ்வளவுதான். தட்டின் மூலைகளில் இன்னும் குறையும். அங்கே நிற்கும் செடிகள் கழுத்தை நீட்டி நடுவை நோக்கிச் சாயும்.

இதைச் சரிபார்க்க விலை உயர்ந்த கருவி வேண்டாம். கைபேசியில் லக்ஸ் அளக்கும் செயலி ஒன்றை இறக்கி, இலை மட்டத்தில் வைத்துப் பாருங்கள். வெள்ளை எல்.ஈ.டி. என்றால் வரும் எண்ணை 67ஆல் வகுத்தால் மைக்ரோமோல் கிட்டத்தட்ட வந்துவிடும். 8,400 லக்ஸ் என்றால் 125. ஊதா நிறக் குழலுக்கு இந்த வகுத்தல் பொருந்தாது. வாங்கப் போகும் கடையிலேயே ஒரு தட்டை எரியவிட்டு, நடுவிலும் நாலு மூலையிலும் அளந்து பார்த்துவிட்டுப் பேசுவது நல்லது. ஒப்பிட வேண்டுமானால் நண்பகலில் வெளியே வந்து அளந்து பாருங்கள். திருகோணமலையின் முழு வெயிலில் அது 2,000 மைக்ரோமோல் அளவில் நிற்கும். நாள் முழுதும் கூட்டினால் 40 மோலுக்கு மேல்.

வெளிச்சம் பாதியானால் விளைச்சலும் பாதி. மூன்று தட்டுக்கும் சேர்த்து நாளுக்கு 16 மோல் ஒளி விழுகிறது. இலைப்பயிர் ஒரு மோலுக்கு அரைக் கிராமுக்குச் சற்று மேலாக உலர்பொருள் கட்டும். சலாதில் 95 வீதம் தண்ணீர். வேரைக் கழித்துப் பார்த்தால் நாளுக்கு 160 கிராம் இலை, மாதத்துக்கு 5 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. 84 செடிக்குப் பங்கிட்டால், வாய்க்காலில் 30 நாள் நின்ற செடி ஒன்றுக்கு 60 கிராம் கூட வராது. பெட்டிப் படத்தில் இருக்கிற கொண்டை 150 கிராமுக்குக் குறையாது. அந்த அளவுக்கு வர வேண்டுமானால் குழியை ஒன்றுவிட்டு ஒன்று காலியாக வைத்து 45 நாளுக்கு மேல் காத்திருக்க வேண்டும்.

இதற்கு ஒரு பரிகாரம் உண்டு. குழல்களை வாட்டுக்கு 2.5க்கு மேல் தரும் நல்ல விளக்குப் பட்டைகளாக மாற்றினால், அதே மின்சாரத்தில் நாளுக்கு 11 மோல் வரை போகலாம். மாத விளைச்சல் ஏழு கிலோவைத் தாண்டும். தட்டின் பக்கங்களில் வெள்ளைத் தகடோ வெள்ளை ரெக்சினோ கட்டினால் வீணாகும் ஒளியில் ஒரு பகுதி திரும்பி வரும். செலவு அதிகமில்லாத முதல் திருத்தம் இந்த வெள்ளைத் தடுப்புத்தான்.

அடுத்தது பம்ப். பெட்டியில் மணிக்கு 1,000 லீற்றர் என்று பெரிதாகவும், உச்ச உயரம் 2 மீற்றர் என்று சிறிதாகவும் அச்சிட்டிருப்பார்கள். அந்த 1,000 லீற்றர், குழாயைப் படுக்க வைத்தால் வருவது. 2 மீற்றர் என்பது தண்ணீர் ஏறி நின்று, ஒரு சொட்டும் வெளியே விழாத உயரம். மேல் தட்டு 1.7 மீற்றரில் இருக்கிறது. அங்கே இந்தப் பம்ப் மணிக்கு 150 லீற்றர் கொடுத்தாலே பெரிது. 12 வாய்க்காலுக்கு நிமிடத்துக்கு ஒரு லீற்றர் வீதம் வேண்டியதோ மணிக்கு 720 லீற்றர். நடப்பது என்ன? கீழ்த் தட்டு வாய்க்கால்கள் நிரம்பி ஓடும், மேல் தட்டில் ஊசி நூல் போல ஒழுகும். மேல் தட்டுச் செடி வாடுவதைப் பார்த்து உரம் போதவில்லை என்று எண்ணி உரத்தைக் கூட்டுகிறவர்கள் உண்டு. கூட்டினால் இலை விளிம்பு கருகும். உச்ச உயரம் 3 மீற்றருக்கு மேல் எழுதிய, மணிக்கு 2,000 லீற்றர் ரகப் பம்ப் 40 வாட் அளவில் கிடைக்கும். அதை மாற்றிப் போட்டு, கீழிரண்டு தட்டுக்கும் சிறு வால்வு வைத்து இறுக்கினால் மூன்றிலும் சமமாக ஓடும். வாய்க்காலின் சரிவு 1.2 மீற்றருக்கு 3 சென்ரிமீற்றர் இருக்க வேண்டும். தட்டையாக வைத்தால் நடுவில் தேங்கி வேர் அழுகும். நம் பழைய வீடுகளில் தரையே ஒரு பக்கம் சரிந்திருக்கும், ஆகவே சட்டகத்தின் காலை நம்பாமல் மட்டக்குழாய் பிடித்துப் பார்த்தே பூட்டுங்கள். நாற்று வைக்கும் முன் 24 மணி நேரம் வெறும் தண்ணீர் ஓட்டிப் பார்ப்பது அவசியம். ஒழுகுவது எப்போதும் வாய்க்கால் மூடியில்தான். நன்றாகத் துடைத்துக் காயவைத்து சிலிக்கன் பூசினால் நிற்கும்.

இனி வெக்கை. இந்த ஊரில் இந்தச் சட்டகம் தோற்கிற இடம் இதுதான், கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

உப்புவெளி, நிலாவெளி விடுதிகளில் சலாதுக்குத் தேவை ஏறுவது வைகாசி முதல் புரட்டாதி வரை, கிழக்குக் கரையில் உல்லாசப் பயணிகள் வருகிற பருவம். அதே மாதங்களில்தான் கச்சான் காற்று அடிக்கிறது. பகல் 34, 35 பாகை, இரவிலும் 26, 27க்குக் கீழே இறங்காது. சலாது 18 முதல் 24 பாகை வரை விரும்பும் மலைநாட்டுப் பயிர். அறை 30ஐத் தாண்டினால் தண்டு நீண்டு பூக்கத் தயாராகும், இலையில் பால் ஊறிக் கைப்பு ஏறும். தேவை உச்சத்தில் இருக்கும் மாதமும் குளிரூட்டும் செலவு உச்சத்தில் இருக்கும் மாதமும் இங்கே ஒன்றுதான். ஆகவே மலையிலிருந்து தம்புள்ளை வழியாக ஏ6 வீதியில் வாடி வந்து இறங்கும் சலாதுக்குப் போட்டியாகப் புதிதாகப் பறித்துக் கொடுக்கலாம் என்ற எண்ணம் பிழையில்லை. ஆனால் அதன் விலையை ஏ.சி. தான் தீர்மானிக்கும்.

வேருக்கு வெக்கை இன்னும் ஆபத்து. 20 பாகையில் ஒரு லீற்றர் தண்ணீரில் 9 மில்லிகிராம் ஒட்சிசன் கரைந்து நிற்கும், 30 பாகையில் 7.6தான். வேர் கேட்கும் ஒட்சிசனோ வெக்கை ஏற ஏறக் கூடும். 28ஐத் தாண்டிய தொட்டியில் பித்தியம் என்ற வேரழுகல் கிருமி பெருகும். அடையாளம் தெளிவானது: வெள்ளை வேர் பழுப்பாகும், விரலால் உருவினால் மேல்தோல் கழன்று நடுநரம்பு நூலாக நிற்கும், சேற்று நாற்றம் வரும். பகலில் வாடி இரவில் நிமிரும் செடி, மூன்றாம் நாள் நிமிராது. ஒரு செடியில் கண்டால் அந்தத் தொட்டித் தண்ணீர் குடித்த எல்லாச் செடிக்கும் போய்விட்டது என்றே கொள்ளுங்கள். செடியை அகற்றி, தொட்டியையும் வாய்க்காலையும் வெளிற்றும் தூள் கரைசலால் கழுவி, வெயிலில் காயவைத்து மறுபடி தொடங்குவதைத் தவிர வேறு வழியில்லை.

தொட்டியைக் குளிர்விக்க உறைந்த தண்ணீர்ப் போத்தல் போடும் பழக்கம் உண்டு. கணக்கு இப்படி: முழுதாக உறைந்த 1.5 லீற்றர் போத்தல் ஒன்று, 60 லீற்றர் தண்ணீரை 2.7 பாகை வரை இறக்கும், அதுவும் ஒருமுறை. அறை 33இல் இருந்தால் சில மணி நேரத்தில் பழையபடி ஏறிவிடும். பகலில் மூன்று, நான்கு போத்தல் மாற்ற வேண்டும். குளிர்சாதனப் பெட்டி அந்த வெப்பத்தைச் சமையலறையில் கொட்டும். இதைவிட நல்லது தொட்டியைச் சுற்றி ஈரச் சாக்கு கட்டிக் காற்றாடியை அதன்மேல் திருப்பிவிடுவது. கச்சான் வரண்ட காற்று என்பதால் மண்பானைத் தண்ணீர் குளிர்கிற அதே வழியில் தொட்டியும் குளிரும், 27 வரை கொண்டுவரலாம். மாரியில் காற்றே ஈரமாக இருக்கும்போது இது வேலை செய்யாது, ஆனால் அப்போது தேவையும் குறைவு. பம்பையும் மறக்கக் கூடாது. தொட்டிக்குள் கிடக்கும் பம்ப் எடுக்கும் மின்சாரமெல்லாம் கடைசியில் அந்தத் தண்ணீருக்குள் சூடாகத்தான் முடியும். இரவில் 15 நிமிடம் ஓட, 15 நிமிடம் நிற்க வைத்தால் அந்தச் சூடு குறையும், செடிக்கும் குறைவில்லை.

விளக்கை எந்த நேரத்தில் எரிப்பது என்பதிலும் வெக்கைக்கு ஒரு விடை இருக்கிறது. செடிக்குப் பகல் எது இரவு எது என்று நாம்தான் சொல்கிறோம். மாலை 5 மணிக்கு எரியவிட்டுக் காலை 9 மணிக்கு அணைத்தால், வெளியே கொதிக்கும் நேரம் செடிக்கு இரவு. 216 வாட் விளக்குச் சூடு உச்சி வெயிலோடு சேராது. நேரவாரி மின்கட்டணம் எடுத்த வீடுகள் மட்டும், மாலை 6.30 முதல் 10.30 வரையான உச்ச நேரத்தைத் தவிர்த்து இரவு 10.30க்கு மேல் தொடங்க வேண்டும்.

மின்பட்டியல் எப்படி வரும்? விளக்கு 16 மணி நேரத்துக்கு 3.5 யூனிட். பம்ப் 0.6. காற்றாடி 0.2. நாளுக்கு 4.3, மாதத்துக்கு 129 யூனிட். 5 கிலோ இலைக்கு 129 யூனிட் என்றால் கிலோவுக்கு 26 யூனிட். இது ஏ.சி. இல்லாமல். அடைத்த சிறு அறையில் 9,000 பீ.ரீ.யூ. இன்வேட்டர் ஏ.சி. மணிக்குச் சராசரி 0.4 யூனிட்டில் 16 மணி நேரம் ஓடினாலும் நாளுக்கு 6.4 கூடும். மொத்தம் மாதத்துக்கு 320 யூனிட், கிலோவுக்கு 64. நம் வீட்டுக் கட்டணம் படிப்படியாக ஏறுவது. வீடு ஏற்கெனவே 100 யூனிட் எடுத்தால், சட்டகம் எடுக்கும் ஒவ்வொரு யூனிட்டும் உயர்ந்த படியின் விலையில் விழும். உங்கள் கடைசிப் பட்டியலில் அந்த உயர்ந்த படி யூனிட்டின் விலையைப் பார்த்து 26ஆலும் 64ஆலும் பெருக்குங்கள். உதாரணமாக 40 ரூபாய் என்று வைத்தால் ஏ.சி. இல்லாத சலாது கிலோவுக்கு 1,040 ரூபாய், ஏ.சி. போட்டது 2,560 ரூபாய், மின்சாரத்துக்கு மட்டும். விதை, உரம், தேய்மானம், உழைப்பு எல்லாம் அதற்கு மேல்.

கூரையில் சோலார் இருக்கிறதே, மின்சாரம் சும்மாதானே என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. ஒரு சதுர மீற்றர் பலகை நல்ல நாளில் 0.8 யூனிட் தரும். இந்தச் சட்டகத்துக்கு ஏ.சி. இல்லாமலே ஐந்தரைச் சதுர மீற்றர் பலகை வேண்டும், ஏ.சி. உடன் 13. அது ஒளியூட்டுவது 2.16 சதுர மீற்றர் இலையை. அதே கூரை வெயிலில் ஐந்தரைச் சதுர மீற்றருக்குப் பச்சை வலை கட்டிச் செடியையே வைத்தால், பாதி மறைத்தாலும் நாளுக்கு 20 மோல் இலவசமாக விழும். வெயில் கொட்டுகிற ஊரில் வெளிச்சத்தை விலைக்கு வாங்குகிறோம். இங்கே அரியது வெளிச்சமல்ல. குளிர்ச்சியும் நல்ல தண்ணீரும்தான்.

இந்தக் கணக்கில் விழுந்தது திருகோணமலை வீடுகள் மட்டுமல்ல. கட்டடங்களை அடுக்கடுக்காக வயலாக்கலாம் என்ற இன்றைய வடிவத்தை நியூயோர்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் டிக்சன் டெஸ்போமியர் தம் மாணவர்களோடு 1999இல் வரையத் தொடங்கினார். அதற்குப் பின் பெரும் முதலீடுகள் கொட்டப்பட்டன. ஜேர்மனியின் அடுக்குப் பண்ணை நிறுவனமான இன்பார்ம் 2022 இறுதியில் பாதிக்கு மேற்பட்ட ஊழியர்களை நிறுத்தியது. அமெரிக்காவின் ஏரோபார்ம்ஸ் 2023 ஜூனில் கடன் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனது. போவரி 2024 நவம்பரில் மூடியது. பிளென்ரி 2025 மார்ச்சில் அதே நீதிமன்ற வழிக்குப் போனது. பொறியியல் தெரியாதவர்கள் அல்லர் இவர்கள். மின்சாரச் செலவும் கட்டட முதலும் சேர்ந்த சுமையை மலிவான இலைக்கட்டு தாங்கவில்லை. இதைவிட அதிக உலர்பொருள் கொண்ட பயிருக்குப் போனால் கணக்கு இன்னும் மோசம். ஒரு கிலோ நெல்லை விளக்கில் விளைவிக்க, நல்ல விளக்கிலும் 200 யூனிட்டுக்கு மேல் போகும். தம்பலகாமம் வயலில் அதைச் சூரியன் செய்கிறது. அடுக்குப் பண்ணை உலகப் பசியைத் தீர்க்கும் என்று சொல்லும் விளம்பரங்களை இந்த ஒரு எண்ணோடு வைத்துப் படியுங்கள்.

தண்ணீர் பற்றிய வாக்கு ஓரளவு நிற்கும் என்றோம். சுற்றி வரும் தண்ணீர் என்பதால் நாளுக்கு நாலு லீற்றர் அளவுதான் செலவு, மண்பாத்தியோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. ஆனால் எந்தத் தண்ணீர்? கடலோரக் கிணறு என்றால் முதலில் ஈ.சி. மீற்றரால், அதாவது தண்ணீரில் கரைந்த உப்பை மின்கடத்தலால் காட்டும் கருவியால், அளக்க வேண்டும் (இங்கே வரும் எண்கள் mS/cm கணக்கில்). 0.3க்குக் கீழ் நல்லது, 0.6 வரை சமாளிக்கலாம், 1.0ஐத் தாண்டினால் இந்தச் சட்டகத்தில் ஊற்ற வேண்டாம். காரணத்தைப் பாருங்கள். கிணற்று நீர் 0.6 என்று வையுங்கள். அதில் பெரும்பங்கு உப்பு, செடி உறிஞ்சாதது. 60 லீற்றர் தொட்டிக்கு நாளுக்கு 4 லீற்றர் வீதம் 15 நாள் ஊற்றினால் இன்னொரு 60 லீற்றர் உள்ளே போய்விட்டது. தண்ணீர் இலை வழியே ஆவியாகிப் போனது, உப்பு தொட்டியில் நின்றுவிட்டது. இப்போது உப்பு மட்டும் 1.2. மீற்றர் 1.4 காட்டும், சலாதுக்குச் சரியான அளவு என்று மனம் ஆறும். உண்மையில் உரம் 0.2தான் இருக்கிறது. இலை வெளுத்து, பழைய இலை விளிம்பு கருகுவதற்குக் காரணம் இதுதான். இப்படிப்பட்ட தண்ணீரில் பத்து நாளைக்கு ஒருமுறை தொட்டியை முழுதாகக் காலி செய்ய வேண்டும். கொட்டும் தண்ணீரை வாழைக்கோ தென்னைக்கோ விடலாம்.

கந்தளாய்க் குளத்திலிருந்து வரும் குழாய்நீர் பெரும்பாலும் இதற்குப் போதும். குளோரின் போக ஒரு இரவு திறந்த வாளியில் வையுங்கள். இவை எல்லாவற்றையும்விட நல்லது மாரி மழை. இந்தச் சட்டகத்துக்கு மாதம் 220 லீற்றர் போதும், தொட்டி மாற்றும் தண்ணீரையும் சேர்த்து. மாசி முதல் புரட்டாதி வரை எட்டு மாதத்துக்கு 1,760. முதல் மழையில் கூரை கழுவிப் போன பின், கார்த்திகையில் 2,000 லீற்றர் தாங்கி ஒன்றை நிரப்பி, வெளிச்சம் புகாமல் மூடி வைத்தால் ஒரு கோடையே கடந்துவிடும். 50 சதுர மீற்றர் ஓட்டுக் கூரையில் 50 மில்லிமீற்றர் மழை பெய்தால் அந்தத் தாங்கி நிரம்பும். நம் மாரியில் ஒரே நாளில் அவ்வளவு பெய்வது புதிதல்ல. ஏ.சி. ஓடும் வீட்டில் அதன் குழாயில் சொட்டும் தண்ணீரும் உப்பில்லாதது. துணியால் வடித்துக் கிணற்று நீரோடு பாதிக்குப் பாதி கலக்கலாம்.

உரத்தில் பெட்டியோடு வரும் இரண்டு பொதியும் இரண்டு தடவைக்குத்தான் வரும். பிறகு இங்கே கிடைக்கும் அல்பேட் என்ற கரையும் உரக் கலவையே போதும். லீற்றருக்கு ஒரு கிராம் என்று தொடங்கி, 60 கிராமை 5 லீற்றர் வாளியில் முழுதாகக் கரைத்துப் பின் தொட்டியில் ஊற்றி, மீற்றரைப் பார்த்துக் கூட்டிக் குறையுங்கள். வெக்கைக் காலத்தில் 1.2, மாரியில் 1.6. ஏ, பி இரண்டையும் அடர்கரைசலாக ஒரே போத்தலில் கலக்கவே வேண்டாம். கல்சியமும் பொசுபேற்றும் சேர்ந்து வெள்ளை மண்டியாக அடியில் படியும், பம்பின் வாயும் அடைபடும். கரைசலின் அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். 5.5 முதல் 6.5 வரை. அதை இறக்கத் தேசிக்காய்ச் சாறும் வினாகிரியும் ஊற்றுகிறார்கள். ஒருநாள் இறங்கும், கிருமிகள் அந்த அமிலத்தைத் தின்று தீர்த்ததும் மறுநாள் ஏறிவிடும், வேரில் வழுவழுப்பும் சேரும். பொசுபோரிக் அமிலத்தை நீர்த்து, கையுறை போட்டு, சொட்டுச் சொட்டாக விடுவதே நிலைக்கும். அமிலத்தைத் தண்ணீரில் விடுங்கள், தண்ணீரை அமிலத்தில் விடாதீர்கள்.

தும்புச்சோற்றில் நாற்றுப் போடுகிறவர்கள் முதலில் நன்றாகக் கழுவ வேண்டும். பிழிந்த தண்ணீர் மீற்றரில் 0.5க்குக் கீழ் வரும் வரை. இல்லாவிட்டால் அதிலேயே உப்பு. வலைக் கிண்ணத்துக்குள் துணி வைக்காமல் போட்டால் தூள் ஓடிக் கீழ்க் குழாயை அடைக்கும்.

மின்சாரப் பாதுகாப்பில் பெட்டி மிகவும் அலட்சியம். குழல்களின் மின்வழங்கி தண்ணீர் தெறிக்கும் உயரத்தில், மூடியில்லாமல் தொங்குகிறது. அதை மேல் தட்டுக்கு மேலே ஏற்றுங்கள். வயர் ப்ளக்குக்கு வரும் முன் கீழே ஒரு வளைவு விழ வேண்டும், வழியும் தண்ணீர் அங்கே சொட்டிவிடும். 30 மில்லிஅம்பியர் ட்ரிப் ஸ்விட்ச் இல்லாத வீட்டில் இதைப் பூட்டவே வேண்டாம். கூட வரும் மெல்லிய இருமுள் ப்ளக்குக்கு அடப்டர் குத்தாமல், எர்த் உள்ள 13 அம்பியர் சதுரமுள் ப்ளக்காக மாற்றச் சொல்லுங்கள். கடற்காற்றில் இணைப்பு முனைகள் ஆறு மாதத்தில் பச்சை பூக்கும். வசிலின் பூசினால் தாமதமாகும். சட்டகத்தின் பூச்சு போல்ட்டுத் துளைகளில்தான் முதலில் துருப்பிடிக்கிறது, பூட்டும் முன் அங்கே ஒரு பூச்சு மை தடவலாம்.

மின்வெட்டு வந்தால்? வாய்க்காலில் ஓடுவது மெல்லிய நீர்ப்படலம் மட்டுமே. பம்ப் நின்றால் வெக்கை நாளில் ஒன்றிரண்டு மணி நேரத்தில் செடி தலை சாயும். 2022 மார்ச் இறுதியில் நாட்டில் 13 மணி நேர வெட்டு இருந்தது. அப்படி ஒரு நாளை இந்த அமைப்பு தாங்காது. வாய்க்காலின் வடிகால் வாயில் 1.5 சென்ரிமீற்றர் உயர அணை ஒன்றை வெட்டி ஒட்டினால் அடியில் கொஞ்சம் தண்ணீர் எப்போதும் நிற்கும், சில மணி நேரம் கிடைக்கும். கூட வரும் சுழல் டைமரும் வெட்டில் நின்றுவிடும். மூன்று மணி நேர வெட்டுக்குப் பின் விளக்கு மூன்று மணி தள்ளி எரியும். பற்றரி உள்ள டிஜிற்றல் டைமர் வாங்கி வையுங்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகு, இந்தச் சட்டகத்தை ஒதுக்கிவிடச் சொல்லவில்லை. சலாதுக்காக வாங்க வேண்டாம் என்றே சொல்கிறோம். இதன் உண்மையான பயன் நாற்று.

புரட்டாதி, ஐப்பசியில் நம் பக்கத்துக்காரர் மிளகாய், தக்காளி, கத்தரி நாற்றுப் போடுகிறார்கள். அதே நேரத்தில் மாரி தொடங்குகிறது. அடைமழையில் மேடை ஊறி, நாற்றின் அடித்தண்டு கறுத்து ஒரே இரவில் சாயும், போட்ட விதையில் பாதி போய்விடும். அறைக்குள் மழை இல்லை. நாற்றுக்கு 126 மைக்ரோமோல் வெளிச்சம் தாராளம், ஐப்பசியில் அறை 28, 29 பாகையில் இருப்பதும் மிளகாய்க்குப் பிடிக்கும். ஏ.சி. வேண்டாம். வாய்க்கால்களைக் கழற்றி, தட்டில் 98 குழி நாற்றுத் தட்டம் நான்கு வைக்கலாம். மூன்று தட்டுக்கு 1,176 நாற்று. விளக்கை நாற்றுக்கு மேல் 20 சென்ரிமீற்றரில் இறக்கி 14 மணி நேரம் எரியுங்கள், நாளுக்கு 3 யூனிட். தக்காளி 21 முதல் 25 நாள், மிளகாய் 30 நாள். சிறு காற்றாடி இலையை மெல்ல ஆட்டும் அளவுக்கு ஓட வேண்டும், இல்லாவிட்டால் தண்டு மெலியும். வெளியே நடும் முன் ஐந்து நாள் நிழலில், பிறகு இரண்டு நாள் காலை வெயிலில் பழக்குங்கள். பழக்காமல் நட்டால் இலை வெளுத்துப் பொசுங்கும். 30 நாளுக்கு 90 யூனிட், 1,176 நாற்று என்றால் 13 நாற்றுக்கு ஒரு யூனிட். இந்தக் கணக்கு நிற்கிறது.

இரண்டாவது பயன் முளைக்குருத்து. கடுகு, முள்ளங்கி விதையைத் தட்டத்தில் அடர்த்தியாகப் பரப்பி, எட்டு ஒன்பது நாளில் கத்தரித்து விற்பது. எடையில் ஒரு பங்கு விதைக்குள் இருந்தே வருவதால் வெளிச்சக் குறை அவ்வளவு தெரியாது. 25க்கு 50 சென்ரிமீற்றர் தட்டத்துக்கு முள்ளங்கி விதை 25 முதல் 30 கிராம், முதல் மூன்று நாள் மூடி, பின் 12 மணி நேரம் வெளிச்சம், தண்ணீர் கீழிருந்து மட்டும். பஞ்சு போன்ற வெள்ளைப் பூஞ்சை வந்தால் விதை நெருக்கம், காற்றுக் குறைவு இரண்டில் ஒன்று காரணம். நடுகைக்கு விற்கும் விதை வேண்டவே வேண்டாம். அதில் இளஞ்சிவப்பாகவோ பச்சையாகவோ பூசியிருப்பது பூஞ்சணக்கொல்லி. சமையலுக்கு விற்கும் கடுகே பாதுகாப்பு. விடுதிச் சமையலறைகள் வாங்கும், ஆனால் பருவம் முடிந்தால் நிற்கும். முன்கூட்டியே பேசி, கேட்ட அளவுக்கு மட்டும் போடுங்கள்.

கங்குங், பசளி, முளைக்கீரை போன்றவற்றை இந்த விளக்கில் வளர்ப்பதில் அர்த்தமில்லை. வெயிலும் வெக்கையும் அவற்றுக்கு விருந்து, சந்தையிலும் கட்டு மலிவு. அவற்றுக்கு இதே வாய்க்கால்களை வெளியே கொண்டுபோகலாம். 50 வீதப் பச்சை வலை, மேலே மழைக்குப் பொலித்தீன், மூன்று மீற்றர் உயரம், மேற்கே கச்சானுக்குத் தென்னோலைத் தட்டி, தொட்டி நிழலில், சுற்றி ஈரச் சாக்கு. விளக்கு இல்லாமல் பம்புக்கு மட்டும் நாளுக்கு ஒரு யூனிட்டுக்கும் குறைவு. மார்கழி, தையில் இரவு குளிரும்போது இதே வலைக்குள் சலாதும் ஓரளவு வரும், சுருளாத இலைரகம் மட்டும்.

வாங்கத் தீர்மானித்தவர்கள் கடையில் மூன்றைக் கேட்டு வாங்குங்கள்: விளக்கு தனித்தனியாகக் கழற்றி மாற்றக் கூடியதா, பம்பின் உச்ச உயரம் 3 மீற்றருக்கு மேலா, வாய்க்கால் மூடி தனியாகக் கிடைக்குமா. தட்டின் உயரத்தை மாற்ற முடியாத ரகம் நாற்றுக்குச் சரிவராது, விளக்கு 40 சென்ரிமீற்றர் மேலேயே நின்றுவிடும். வாய்க்காலும் தொட்டியும் இல்லாமல், சட்டகமும் விளக்கும் மட்டும் தரும் கடை கிடைத்தால் அதையே எடுங்கள். நாற்றுக்கு அவ்வளவே போதும்.